மொரல் டேர்பிட்டியூட் எண்டா என்ன? போர்ம் ஒண்டு நிரப்பணும், கொஞ்சம் அவசரம்

உப்புவெளி_பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை டொக்யாட் ரோட் பக்கம் ஒரு போட்டோக்கொப்பி கடையில நிக்கிறன். கொப்பி அடிக்கிறது, டைப் பண்ணுறது, ஆக்களுக்கு போர்ம் நிரப்பிக் குடுக்கிறது எல்லாம் நான்தான். இண்டைக்குக் காலம சல்லியில இருந்து ஒரு மாமா வந்தவர், சொந்த மாமா இல்ல, எங்கட அப்பாவோட முந்தி கடலுக்குப் போனவர். நிலாவெளிப் பக்கம் திமிங்கிலம் காட்டுற போட் ஓட்டுறதுக்கு ஆள் எடுக்கிறாங்களாம், வெளிநாட்டு ஆக்கள்ர கொம்பனி, போர்ம் முழுக்க இங்கிலிஷ். பேர், அட்ரஸ், ஐடி நம்பர் எல்லாம் போட்டாச்சு. எத்தனை வருசம் கடல்ல அனுபவம் எண்டதுக்கு "பிறந்ததில இருந்து எண்டு போடு பிள்ளை" எண்டார், நான் 30 எண்டு போட்டன்.

பிறகு ஒரு கேள்வியில வந்து நிண்டுட்டன். "மொரல் டேர்பிட்டியூட் சம்பந்தப்பட்ட குற்றம் எதுக்காவது நீங்க தண்டனை பெற்றிருக்கிறீங்களா" எண்ட மாதிரி ஒரு கேள்வி, பக்கத்தில ஓம், இல்லை எண்டு ரெண்டு பெட்டி. நான் ஏஎல் வரைக்கும் படிச்சனான், இந்தச் சொல்லை வாழ்க்கையில காணல்ல. போன்ல மொழிபெயர்ப்புக்குப் போட்டா "தார்மீகக் கொந்தளிப்பு" எண்டு வருது. மாமாக்கு வாசிச்சுக் காட்ட, "கொந்தளிப்பெண்டா வாடைக்காத்துக்கு வாறதுதானே, அதுக்கு என்னை ஏன் கேக்கிறாங்க" எண்டார். வேற ஒரு டிக்‌ஷனரியில பாத்தா "ஒழுக்கக்கேடு" எண்டு கிடந்துது. அத ஏன் சொன்னன் எண்டு ஆயிட்டு. மனுசனுக்குக் கோபம் வந்துட்டுது. "பொம்பிளப் பிரச்சினையோ கேக்கிறான்? கோணேசர் மேல சத்தியம், எனக்கு அப்பிடி ஒண்டும் இல்ல, இவன் ஆர் என்ட ஒழுக்கத்தக் கேக்க" எண்டு கடையில நிண்ட நாலு பேருக்கும் கேக்கக் கத்திட்டார். வாசல்ல மான் ஒண்டு நாங்க வீசின பேப்பரத் திண்டுகொண்டு நிண்டது, அதுவும் தலையைத் தூக்கிப் பாத்துது.

பிரச்சினை என்னெண்டா அவர் கோட்ஸுக்குப் போனவர்தான். ஒருக்கா லைசன்ஸ் இல்லாம சுருக்குவலை வைச்சு நேவி பிடிச்சு தண்டம் கட்டினவர், இன்னொருக்கா ஹெல்மெட் இல்லாம மோட்டார்சைக்கிள்ல போய் தண்டம். இதுக்கு ஓம் எண்டு போடணுமோ இல்லை எண்டு போடணுமோ? பின்னேரம் வாறன் எண்டு போயிருக்கார். தெரிஞ்ச ஆக்கள் கெதியா சொல்லுங்க.

திருமலை_மச்சான்:

டேர்பிட்டியூடோ டேர்பன்டைனோ, பெயின்ற் கடையில விசாரிச்சுப் பாருங்க தங்கச்சி 😀 பகிடிக்குச் சொன்னன். இல்லை எண்டு டிக் போட்டு அனுப்புங்க. இந்த மாதிரி பெரிய பெரிய சொல்லெல்லாம் ஆக்களை வெருட்டத்தான் போடுறது, வாசிக்கிறவனுக்கும் தெரியாது எழுதினவனுக்கும் தெரியாது. இங்க அவன் எங்க போய் செக் பண்ணப் போறான்.

ரீச்சர்_பென்சன்ல:

மச்சான் சொன்ன பதில் சரியா இருக்கலாம், ஆனா அவர் சொன்ன காரணம் பிழை. பிள்ளை, கொஞ்சம் ஆறுதலா வாசியுங்க, நான் 32 வருசம் இங்கிலிஷ் படிப்பிச்சவ, சுருக்கமா எழுதத் தெரியாது.

டேர்பிட்டியூட் எண்டது லத்தீன்ல இருந்து வந்த சொல். டேர்பிஸ் எண்டா அங்க அசிங்கம், அவலட்சணம், கேவலம். முகம் அசிங்கமா இருந்தாலும் டேர்பிஸ்தான், செய்யுற வேலை அசிங்கமா இருந்தாலும் டேர்பிஸ்தான். அதில இருந்துதான் பிரெஞ்சுக்குப் போய் இங்கிலிஷுக்கு வந்தது. மச்சான்ட டேர்பன்டைனுக்கும் இதுக்கும் ஒரு சொந்தமும் இல்ல, அது மரத்தின்ட பேர்ல இருந்து வந்தது. உங்கட போன் கொந்தளிப்பு எண்டு சொன்னதுக்குக் காரணம், டேர்பியூலன்ஸ் எண்டு இன்னொரு சொல் இருக்கு, பிளேன் குலுங்குற நேரம் சொல்லுவாங்களே, ரெண்டையும் குழப்பியிருக்கும் போல.

இது தனியா நடக்கிற சொல்லும் இல்ல. ஆரும் சாப்பாட்டு மேசையில இருந்து "அவன்ட டேர்பிட்டியூடைப் பாத்தியா" எண்டு கதைக்கிறதில்ல. நூற்றுக்குத் தொண்ணூறு தரம் முன்னுக்கு மொரல் எண்ட சொல்லோட சோடி சேந்து, அதுவும் சட்டத்திலயும் இப்பிடி போர்மிலயும்தான் வரும். பிள்ளையள் கட்டுரையில பெருசாத் தெரியட்டும் எண்டு இதப் போட்டா நான் சிவப்புப் பேனையால வெட்டுவன். ஆளைச் சொல்ல ஏலாது, செயலின்ட தன்மையைத்தான் சொல்லலாம். ஒண்டு ரெண்டு எண்டு எண்ணவும் ஏலாது.

இப்ப உங்கட மாமாவின்ட கோபத்துக்கு வருவம். அவர் கோபிச்சது அவர்ட பிழை இல்ல, தமிழாக்கத்தின்ட பிழை. ஒழுக்கம் எண்ட சொல் ஒழுகு எண்டதில இருந்து வந்தது, ஒழுகுறது எண்டா நடக்கிறது, ஆக ஒழுக்கம் எண்டா மொத்த நடத்தையும்தான். திருக்குறள்ல ஒழுக்கமுடைமை எண்டு ஒரு அதிகாரமே இருக்கு, அதில ஆம்பிளை பொம்பிளைக் கதை பெரிசா இல்ல. பிறனில் விழையாமைக்கு வேற அதிகாரம் வைச்சிருக்கார். ஆனா இண்டைக்கு நம்மட ஊர்ல ஒழுக்கக்கேடு எண்டு வாயைத் திறந்தாலே ஆக்களுக்கு ஒரே விசயம்தான் ஞாபகம் வரும். கள்ளக் கணக்கு எழுதினவனை ஆரும் ஒழுக்கம் கெட்டவன் எண்டு சொல்லமாட்டம், "கெட்டிக்காரன், வீடு கட்டிட்டான்" எண்டுதான் சொல்லுவம். இங்கிலிஷ் சொல்லுக்கோ அந்தக் கள்ளக் கணக்குத்தான் நடுவில நிக்கிறது. ஏமாத்து, களவு, நம்பிக் குடுத்த காசை அடிக்கிறது, பொய்ச் சத்தியம்.

மாமாவுக்கு நான் சொல்லுறதெண்டா "கேவலமான குற்றம் ஏதும் செய்து தண்டனை வாங்கினீங்களா" எண்டு கேப்பன். இழிவான குற்றம் எண்டும் எழுதலாம், ஆனா கேவலம் எண்டா உடன விளங்கும்.

கிண்ணியா_ஆத்தடி:

ரீச்சர் சொன்னது நல்லா இரிக்கி. நானும் கடல் ஆள்தான், ஒண்டு கேக்கட்டா? அந்த மாமாட கேஸ் லைசன்ஸ் இல்லாத வலை. எங்கட பக்கம் சில பேர் டைனமைட் போடுறாங்க. தண்ணிக்குள்ள வெடிச்சா பெரிய மீன், குஞ்சு, முட்டை, கடலடிப் பாறை எல்லாம் ஒரேயடியாப் போகும், மேல மிதக்கிறதை மட்டும் அள்ளிட்டு மிச்சத்தை அடியில அழுகட்டும் எண்டு விட்டுட்டு வருவான். நான் ஒருக்கா அப்பிடிச் செத்த விளைமீனைக் கையில எடுத்துப் பாத்தன், வெளியால ஒரு காயமும் இல்ல, வெட்டினா உள்ளுக்கு முள்ளெலும்பு நொருங்கி ரத்தம் கட்டிக் கிடக்கு. மார்க்கட்டுல அத அழுத்திப் பாத்து வாங்குறவங்க கண்டுபிடிப்பாங்க.

ரெண்டும் 1996ஆம் ஆண்டு கடற்றொழில் சட்டத்துக்குள்ளதான் வருது. ரெண்டுக்கும் கோட்டுல ஒரே வாங்குலதான் இருக்கணும். ரெண்டும் ஒண்டா? எங்கட மௌலவி சொல்லுவார் ஹராம் வேற, மக்ரூஹ் வேற எண்டு. ஒண்டு தடுத்தது, மற்றது வெறுக்கத்தக்கது, விட்டுட்டா நல்லது. இந்த இங்கிலிஷ் சொல் அந்தக் கணக்கு மாதிரித்தானோ?

ரீச்சர்_பென்சன்ல:

ஆத்தடித் தம்பி, நல்ல கேள்வி கேட்டீங்க. கிட்டத்தட்ட அப்பிடித்தான், ஆனா கோடு போட்ட இடம் வேற. சட்டம் படிச்சவங்க ரெண்டு லத்தீன் சொல் வைச்சிருக்காங்க, மாலும் இன் சே, மாலும் ப்ரொகிபிட்டும். முதலாவது தன்னிலயே கெட்டது, சட்டம் இல்லாட்டியும் கெட்டது, கொலை களவு மாதிரி. ரெண்டாவது சட்டம் கூடாதெண்டு சொன்னதால மட்டும் குற்றமானது. ஹெல்மெட் சட்டம் வர முதல் நாள் ஹெல்மெட் இல்லாமப் போனவன் குற்றவாளி இல்ல, அடுத்த நாள் போனா குற்றவாளி, ஆள் ஒண்டும் மாறல்ல. டேர்பிட்டியூட் பொதுவா முதலாவது பக்கத்துக்குத்தான் சொல்லுறது.

கத்தோலிக்க ஆக்கள்ட்டயும் சாவான பாவம், அற்பப் பாவம் எண்டு ஒரு பிரிப்பு இருக்கு. எல்லாச் சனமும் இந்தக் கோட்டை எங்கயோ ஒரு இடத்தில போட்டுத்தான் வைச்சிருக்கு. நம்மட பேச்சுத் தமிழ்லயும் இருக்கே, "பிழை விட்டுட்டான்" எண்டுறது வேற, "பழி பாவத்துக்கு அஞ்சாதவன்" எண்டுறது வேற. ஒரு சின்ன விசயம், பாவம் எண்ட சொல்லை நாங்க செய்தவனுக்கும் சொல்லுவம், அகப்பட்டவனுக்கும் "ஐயோ பாவம்" எண்டு சொல்லுவம். இங்கிலிஷ் பிள்ளையளுக்கு இத விளங்கப்படுத்த நான் பட்ட பாடு!

டைனமைட் எந்தப் பக்கம் எண்டு கேட்டா, என்ட மனசுக்கு அது கேவலம்தான். நீதிமன்றம் என்ன சொல்லும் எண்டு நான் சொல்ல வரல்ல.

ஸ்காபரோ_திருமலையான்:

நானும் ஊர்தான், உட்துறைமுக வீதி, இப்ப கனடாவில ஸ்காபரோ. இந்தச் சொல்லால இங்க எத்தனை பேர்ட நித்திரை போயிருக்கு எண்டு சொல்லுறன். அமெரிக்காக்காரன் இத 1891ஆம் ஆண்டிலயே குடிவரவுச் சட்டத்தில போட்டுட்டான். மொரல் டேர்பிட்டியூட் குற்றம் செய்தவன் நாட்டுக்குள்ள வரக்கூடாது. ஆனா அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்னெண்டு அதே சட்டத்தில எழுதல்ல, இண்டைக்கு வரைக்கும் எழுதல்ல. கோட்டுல வழக்கு வழக்காப் பாத்துத்தான் இது உள்ள, அது வெளிய எண்டு சொல்லிக்கொண்டு வாறாங்க.

1951ல டி ஜோர்ஜ் எண்டவர்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. சாராயத்துக்கு அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய வரியை ஏமாத்தச் சதி செய்தது எண்டு தண்டனை, பிறகு நாட்டை விட்டு அனுப்பப் பாத்தாங்க. அவர்ட பக்கம் இந்தச் சொல்லே தெளிவில்ல, இதை வைச்சு மனுசனைத் துரத்த ஏலாது எண்டு வாதாடினாங்க. நீதிமன்றம் சொன்னது, வேற இடங்களில இந்தச் சொல் தெளிவில்லாட்டியும் ஏமாத்து எண்டு வந்தா அது டேர்பிட்டியூட்தான், அதில ஒருத்தருக்கும் எப்பவும் சந்தேகம் இருந்ததில்ல எண்டு. நீதிபதி ஜாக்சன் ஒத்துக்கொள்ளல்ல, வேற ரெண்டு பேர் அவரோட சேந்தவங்க. இந்த ஜாக்சன்தான் நூரம்பேர்க்கில நாசிகளுக்கு எதிரா அமெரிக்கத் தரப்பில வழக்கு நடத்தினவர், கேவலமான குற்றம் எண்டா என்னெண்டு கண்ணால பாத்த ஆள், அவருக்கே இந்தச் சொல் தெளிவா இருக்கல்ல!

கவனிச்சீங்களோ, அங்க சாராயம் பிரச்சினை இல்ல, ஏமாத்தினதுதான் பிரச்சினை. குடிவெறியில கார் ஓடினது மட்டும் எண்டா பெரும்பாலும் இதுக்குள்ள வராது. கடையில சொக்லட் களவெடுத்தா வரும். கேக்க விசர் மாதிரி இருக்கும், வெறியில ஓடினவன் ஆளைச் சாகடிச்சிருப்பான், சொக்லட் எடுத்தவன் ஆருக்கு என்ன செய்தான் எண்டு. ஆனா அவங்கட கணக்கில மனசு என்ன நினைச்சது எண்டதுதான் முக்கியம். சின்னக் குற்றத்துக்கு எண்டு ஒரு விலக்கும் இருக்கு, ஒரே ஒரு குற்றம், அதுக்குச் சட்டத்தில ஆகக்கூடின தண்டனை 1 வருசத்துக்கு மேல போகாது, உங்களுக்குக் கிடைச்சது 6 மாதத்துக்கு மேல இல்ல எண்டா பாத்து விடுவாங்க.

இன்னொரு முக்கியமான விசயம், கடையில போர்ம் நிரப்புற தங்கச்சிக்கு இது உதவும். அமெரிக்கா விசா போர்ம்ல டேர்பிட்டியூட் எண்டு கேக்கிறதில்ல. எப்பவாவது பிடிபட்டீங்களா, தண்டனை பெற்றீங்களா, மன்னிப்புக் கிடைச்சிருந்தாலும் சொல்லுங்க எண்டுதான் கேள்வி. அங்க வலைக் கேஸையும் சொல்லத்தான் வேணும். "இது கேவலமில்லையே" எண்டு நாங்களே தீர்ப்புச் சொல்லிட்டு மறைச்சா, மறைச்சதுதான் பிறகு பொய்யா நிக்கும். கேள்வி என்ன கேக்குது எண்டு ஒவ்வொரு போர்மிலயும் பாருங்க.

திருமலை_மச்சான்:

அப்ப கசிப்புக் காய்ச்சுறவன் நல்லவன், சொக்லட் எடுத்தவன் கெட்டவன். வெள்ளைக்காரன்ட நியாயம் நல்லாத்தான் இருக்கு.

ஸ்காபரோ_திருமலையான்:

நல்லவன் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல மச்சான். குற்றம் குற்றம்தான், தண்டனையும் இருக்கு. இந்த ஒரு சொல்லுக்குள்ள அடங்குதா எண்டதுதான் கேள்வி.

இந்தியாவிலயும் இதே கூத்துத்தான். அங்க வழக்கறிஞர் சட்டத்தில 24ஏ எண்டு ஒரு பிரிவு, இப்பிடியான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் லோயராப் பதிய ஏலாது, ஆனா விடுதலையாகி 2 வருசம் போனா அந்தத் தடை இல்ல. 2 வருசத்தில கேவலம் கழண்டுடும் போல.

வெள்ளைமணல்_காற்று:

நான் இதுக்குள்ள வாறதில்லை எண்டுதான் இருந்தன், ரீச்சர் எழுதின ஒழுக்கக்கேடு கதையைப் பாத்ததும் வந்துட்டன். என்ட சித்தி ஒரு அலுவலகத்தில வேலை செய்தவ, எது எண்டு சொல்லல்ல. அங்க ஒரே வருசத்தில ரெண்டு கடிதம் போனது. காசாளர் ஒருத்தர் ரசீது இல்லாமக் காசு வாங்கிச் சட்டைப் பைக்குள்ள போட்டவர், மாதக்கணக்கா. அவருக்குப் போன கடிதத்தில "நிதி முறைகேடு" எண்டு இருந்தது. சித்தி கூட வேலை செய்த ஒருத்தரை வீட்டு ஆக்களுக்குச் சொல்லாம ரெஜிஸ்டர் பண்ணிக் கல்யாணம் கட்டினவ, வேற சமயம். அவக்கு வந்த கடிதத்தில "ஒழுக்கக்கேடு". நான் அந்தக் கடிதத்தைக் கண்டனான், நாலாய் மடிச்சு அலுமாரிக்குள்ள சீலைக்குக் கீழ வைச்சிருக்கிறா, மடிப்பில எழுத்து அழிஞ்சு போச்சு. முறைகேடு எண்டா ஏதோ பைல்ல நடந்த சின்னச் சறுக்கல் மாதிரிக் கேக்குது, ஒழுக்கக்கேடு எண்டா ஆளே கெட்டுப்போன மாதிரி. காசாளர் பிறகு மாற்றலாகிப் போய்ப் பென்சனும் எடுத்துட்டார். சித்தி வேலையை விட்டுட்டா.

இந்த லத்தீன் சொல் இங்க இருந்திருந்தா அந்த ரெண்டு கடிதமும் மாறிப் போயிருக்கும் எண்டுதான் வாசிக்கேக்க நினைச்சன்.

ரீச்சர்_பென்சன்ல:

பிள்ளை, நீங்க சொன்னது எனக்கு நெஞ்சுல பட்டுது. ஆனா ஒண்டையும் மறைக்கக்கூடாது, இந்த இங்கிலிஷ் சொல்லையும் அந்த மாதிரிப் பொம்பிளையளுக்கு எதிராப் பாவிச்சிருக்காங்க, ஆம்பிளையோட ஆம்பிளை இருந்ததுக்கும் பாவிச்சிருக்காங்க. சொல் சுத்தமில்ல. அந்தந்தக் காலத்துப் பெரிய மனுசருக்கு எது அசிங்கமாப் பட்டுதோ அதையெல்லாம் இதுக்குள்ள போட்டு அடைச்சவங்க. அந்தக் காசாளர்ட வேலைதான் அசல் டேர்பிட்டியூட், அதில எனக்குச் சந்தேகமில்ல.

கிண்ணியா_ஆத்தடி:

சித்திக்கு எங்கட சலாம் சொல்லுங்க.

போர்ம் கதைக்கு வாறன். வலைக் கேஸுக்கு இல்லை எண்டு டிக் போடலாம் எண்டுதான் நானும் நினைக்கிறன், ஆனா பின்னுக்கு ஒரு துண்டு வைச்சு "லைசன்ஸ் இல்லாம வலை வைச்சதுக்குத் தண்டம் கட்டினன்" எண்டு எழுதிவிட்டா நல்லம். போட் ஓட்டுற வேலை, அவனுக்கும் நேவியோட, பிஷரீஸோட கதை இரிக்கி. வேற ஆரும் சொல்லி அறியுறதை விட இவரே சொன்னா மரியாதை.

ரீச்சர்_பென்சன்ல:

தம்பி சொன்ன மாதிரிச் செய்யுங்க. ரெண்டு வரி போதும். ஹெல்மெட்டை எழுதத் தேவையில்ல, எழுதினா சிரிப்பாங்க.

உப்புவெளி_பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. மாமா அஞ்சு மணி போல வந்தவர், கடை மூடப் போற நேரம். ரீச்சர் சொன்ன மாதிரியே "கேவலமான குற்றம் ஏதும் செய்து கோட்டுல தண்டனை வாங்கினீங்களோ" எண்டு கேட்டன். இந்தமுறை கோபிக்கல்ல. கொஞ்ச நேரம் போர்மையே பாத்துக்கொண்டு இருந்தார், அவருக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. "அப்ப வலைக் கேஸ் கேவலமில்லையோ" எண்டார். இல்ல மாமா எண்டன். "கோட்டுக்குப் போகாதது?" எண்டு கேட்டார். கோட்டுக்குப் போகாதத அவங்க கேக்கல்ல எண்டன்.

அதுக்குப் பிறகு நான் கேக்காமலே சொன்னார். முந்தி ஒரு கூட்டாளி ஊரை விட்டுப் போகேக்க போட் எஞ்சினை இவர்ட்டக் குடுத்து வைச்சிருக்கச் சொல்லிப் போனவராம். இவர் அத வித்துப்போட்டு, திரும்பி வந்தவர்ட்டக் களவு போச்சு எண்டு சொன்னவராம். "அவன் நம்பினவன் பிள்ளை. நீ கவலைப்படாத எண்டு எனக்கே தேத்தண்ணி வாங்கித் தந்தவன்" எண்டார். ஆர் எண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அதால எழுதுறன்.

இல்லை எண்ட பெட்டியில டிக் போட்டு, வலைக் கேஸுக்கு ரெண்டு வரி டைப் பண்ணிப் பின்னுக்குக் குத்திக் குடுத்தன். சைன் வைக்கேக்க பேனையை இறுக்கிப் பிடிச்சார், தங்கூசி நூல் அறுத்த தழும்பு விரல் முழுக்க. காசு குடுத்துட்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, அந்தக் கேள்வி இருக்கிற பக்கத்தை மட்டும் தனக்கு ஒரு கொப்பி எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் குடுத்தன்.